ஒரு தாள் ஈயம்

என் அன்புப் பிள்ளைகளே, மேசையில் நீங்கள் பென்சில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த இரும்புக் குவளையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது குவளை அல்ல. ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் ஏறி இறங்கிய பிஸ்டன். அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நீளமாய் ஒரு கீறல் ஓடுகிறது. போன மாதம் சின்னவள் அதில் விரலை வைத்துப் பார்த்து, "அப்பா, இத யாரு பிராண்டுனா?" என்று கேட்டாள். கீழே விழுந்தபோது பட்ட காயம் என்று சொன்னேன். அது பொய்.

பெரியவனே, உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். தடியை ஊன்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு ரோட்டில் போன ஒருவரைப் பார்த்து, லயத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நீயும், "எண்ணெ மறந்த டாக்டரய்யா எட்டி எட்டிப் போறாரு" என்று பாடினாய். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் உன்னை அறைந்தேன். உன் மேல் நான் கை வைத்தது அந்த ஒரு தரம்தான். நீ அழுதுகொண்டே, "எல்லாரும்தானே பாடுனாங்க, என்ன மட்டும் ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

ரயில் பதுளைக்கு இன்னும் வந்து சேராத காலம் அது. நமுனுகுல மலைச்சரிவில் இருந்த நம் தோட்டத்தில் நான் ஸ்டோர் பிட்டராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே இலை அரைக்கும் உருளைகளைச் சுற்றவைக்கிற பெரிய எண்ணெய் எஞ்சின் என் பொறுப்பு. ஸ்டோருக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் மருந்துச்சாலை. அதைப் பார்த்துக்கொண்டவரைச் சனங்கள் டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல, மருந்து கலக்கப் படித்தவர். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அண்ணன்மார் துணி கிழித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மருந்தையும் முதலில் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கசக்குது. ரொம்பக் கசக்குது. கண்ண மூடிக்கிட்டு குடி" என்பார். இனிக்கும் என்று சொல்லி ஏமாற்றிக் கொடுக்க மாட்டார். சின்னப் பிள்ளைகளிடம்கூட அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் உச்சியில் மேற்கணக்கு என்று ஒரு பிரிவு உண்டு. அங்கிருந்து மருந்துச்சாலைக்கு வர மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் ரோடு ஒன்றுதான். அங்கே யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரிக் கட்டி, நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கி வருவார்கள். ஒரு மழைக்காலத்தில், உருண்டு வந்த பாறையில் இடுப்பு நசுங்கிய ஒரு மனிதரை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். டாக்டரய்யா மேலேயே போய், அவருடைய கையைப் பிடித்தபடி கம்பளிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். பாதி வழியில் தூக்கியவர்களிடம், "மெதுவா போங்கப்பா, இனி அவசரமில்ல" என்று சொன்னாராம். கீழே வந்து சேர்ந்தபோது அவருடைய கை இறந்தவரின் கையை விடாமல் பிடித்திருந்ததை நானே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் தோட்டத்தை நடத்திய பெரிய துரை மோட்டார் கார் வாங்கினார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஒருவர் உட்காரும் தொட்டியோடு, பங்களாக் கொட்டகையில் சும்மா கிடந்தது. டாக்டரய்யா போய்க் கேட்டார். நோயாளியை அந்தத் தொட்டியில் கிடத்திக் கொண்டுவரலாமே என்பது அவருடைய எண்ணம். துரை கொஞ்ச காலத்துக்கு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஆனால் வண்டிக்கு மேற்கணக்கு மலை ஏறும் பலம் இல்லை. தொட்டியில் ஆள் இல்லாமல் போனாலே ரோடு மடங்கித் திரும்பும் கடைசி மூன்று முடக்குகளில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் வந்து தள்ளி ஏற்றுவார்கள். "டாக்டரய்யா, வண்டி சீக்காளியத் தூக்கிட்டு வருமா, இல்ல சீக்காளி வண்டியத் தூக்கிட்டு வரணுமா?" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைமேலிருந்து கேட்பார்கள். "ரெண்டுல எது முடியுதோ அது" என்று இவரும் சளைக்காமல் சொல்லுவார். துரை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் மேற்கணக்குப் பெரட்டுக்களத்தில் தான் நிற்பதாகவும், இரண்டு பேரோடு வண்டி அங்கே ஏறி வந்தால் அது மருந்துச்சாலைக்கு, வராவிட்டால் பண்டாரவளையில் கேட்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் டாக்டரய்யா எஞ்சின் ரூமுக்கு வந்து எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். "பிட்டரு, இதுக்குப் பலம் வர்ற மருந்து உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிள்ளைகளே, எஞ்சினுக்குள் சிலிண்டர் என்று ஒரு இரும்புக் குழல் உண்டு. அதற்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கும்போது அந்த வேகம் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் சக்கரம் சுற்றுகிறது. குழலைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்றபடி பெரிய பிஸ்டனைப் போட்டால் வெடிப்பும் பெரிதாகும், தள்ளலும் கூடும். ஸ்டோரில் பழுதுபார்க்க ஒரு லேத் இருந்தது. குழலைக் கடைய என்னால் முடியும். பெரிய பிஸ்டனுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

பதுளையில் பழைய இரும்பு வாங்கி விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். பசறை ரோட்டில் உருண்டு நொறுங்கிய மோட்டார் கார் ஒன்று அவர் கடைக்குப் பின்னால் கிடந்தது. இருவருமாகப் போனோம். அதன் பிஸ்டன் நமக்குத் தேவையானதைவிடச் சற்றுப் பெரிது, கடைந்து குறைத்துக்கொள்ளலாம். நானா அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "ஏன் தம்பி, கார் பிஸ்டனப் போட்டா சைக்கிளு காராயிடுமா?" என்று கேட்டார். "காராக வேணாம் நானா, மலையேறினாப் போதும்" என்றார் டாக்டரய்யா. "அப்ப எறங்குறதுக்கு?" "எறங்குறதுக்கு அதுக்கு எப்பவுமே பலமிருக்கு." நானா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பிஸ்டனைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

ஸ்டோர் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தோம். சிலிண்டரை லேத்தில் கட்டி, தாள் தாளாகக் கடைந்தேன். டாக்டரய்யா பக்கத்தில் நின்று எண்ணெய் விட்டார். மருந்து கலக்கும் கை அல்லவா, ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. பிஸ்டனையும் கடைந்து வளையங்களைப் பொருத்தினேன். பிறகு வந்தது முக்கியமான வேலை. பிஸ்டனுக்கும் குழலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். எஞ்சின் சூடேறும்போது இரும்பு விரியும். இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். அந்த இடைவெளியை அளக்க எங்களிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் ஒரு துண்டு வெட்டி, பிஸ்டனோடு சேர்த்து உள்ளே விடுவோம். தாளை உருவும்போது விரலுக்கு லேசான இழுப்புத் தெரிந்தால் சரி. ஸ்டோரின் பெரிய எஞ்சினுக்கு எப்போதும் ஒரு தாள்தான். எனக்கு அந்த வேலையைக் காட்டிக் கொடுத்தவர்களும் ஒரு தாள்தான் வைத்தார்கள். இதற்கும் ஒரு தாள் வைத்தேன். இழுப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. மனம் பொங்கிப்போயிற்று.

டாக்டரய்யாவும் தாளை உருவிப் பார்த்தார். சிலிண்டரை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தவர், "பிட்டரு, ஒண்ணு கேக்கவா? உன் பெரிய எஞ்சினச் சுத்தித் தண்ணி ஓடுது. இதுக்குத் தண்ணி ஏது? காத்துலதானே ஆறணும். இதுக்குக் காய்ச்சல் கூடுதலா அடிக்குமே, வீக்கமும் கூடாதா? ரெண்டு தாள் வெச்சா என்ன?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அது சரி என்று அந்தக் கணத்திலேயே என் மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டு தாள் இடைவெளி விட்டால் எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டன் உள்ளே லொடலொடவென்று தட்டும். துரையின் காதில் அந்தச் சத்தம் விழுந்தால் பிட்டர் வேலை தெரியாதவன் என்று நினைப்பாரே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதோடு, எஞ்சின் விஷயத்தில் மருந்துக்காரர் எனக்குச் சொல்லித் தருவதா என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. "ஐயா, நான் என்னிக்காவது உங்க மருந்து போத்தல்ல கைய வெச்சிருக்கேனா?" என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, "இல்ல சாமி, வெக்கல. மன்னிச்சிரு" என்று சிரித்தார். சிலிண்டரை மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பனி மூட்டமாக இருந்தது. தொட்டியில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தபோது, "செஞ்ச கை நீ, நீயே உக்காரு. ஏறலன்னா தள்ளுறதுக்கும் ஆள் வேணுமே" என்றார். உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. முன்னே இருமிக்கொண்டு ஏறிய இடத்திலெல்லாம் இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறியது. சத்தமே வேறு. லயத்து வாசல்களில் சனங்கள் எழுந்து நின்று கைகாட்டினார்கள். முதல் முடக்கு, இரண்டாவது முடக்கு என்று போய்க்கொண்டே இருந்தோம். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் எண்ணெய் தானாக எஞ்சினுக்குப் போகாது. ஓட்டுகிறவர் அவ்வப்போது டாங்க் பக்கத்தில் உள்ள சின்னப் பம்பைக் கையால் அழுத்த வேண்டும். டாக்டரய்யா ஒரு முடக்கு தவறாமல் அழுத்தினார். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தண்ணீர் ஓடை முடக்கில் அழுத்தினார். கோயில் மர முடக்கில் அழுத்தினார். கடைசி மூன்று முடக்குகள் தொடங்கும் இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, "பிட்டரு, ராஜா மாதிரி உக்காந்திருக்கியே!" என்று கத்திவிட்டு மறுபடியும் அழுத்தினார்.

அந்த மூன்றில் முதலாவதைத் தாண்டினோம். இரண்டாவதில் சத்தம் மாறியது. கொழுத்த குரல் மெலிந்து, தகரத்தை ஆணியால் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வந்து, எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. சக்கரத்தைச் சுற்றவைக்கும் தோல் வார் பனியில் நனைந்திருந்ததால் அது வழுக்க, வண்டி பின்பக்கமாக உருளத் தொடங்கியது. இடப்பக்கம், அதாவது நான் உட்கார்ந்திருந்த பக்கம், கிடுகிடு பள்ளம். பிரேக் நிறுத்தவில்லை. டாக்டரய்யா கைப்பிடியை முழுக்க ஒடித்தார். வண்டியின் பின்புறம் வலப்பக்கம் திரும்பி, மலையை வெட்டிய பாறையில் போய் மோதி நின்றது. அவருடைய வலது கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் இருந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை.

சத்தம் நின்றதைக் கேட்டு, மேலே காத்திருந்த துரை இறங்கி ஓடிவந்தார். நான் டாக்டரய்யாவை இழுத்துப் பாறையில் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். துரை அவருடைய காலைப் பார்த்தார். பிறகு சிலிண்டர் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார். அவருடைய தோட்டத்துத் தமிழில், "யார் செஞ்ச வேலை இது?" என்று கேட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்கு அடுத்து வருவது பற்றுச்சீட்டு. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் அன்றைக்கே வேலை போயிற்று, வீடும் போயிற்று. உங்கள் அம்மா அப்போது எட்டு மாதம். வயிற்றில் இருந்தது நீதான், பெரியவனே.

நான் வாயைத் திறப்பதற்குள், "வேலையில தப்பில்ல துரை. நான்தான் எண்ணெய் அடிக்க மறந்துட்டேன்" என்றார் டாக்டரய்யா.

துரை என்னிடம், "அப்படியா?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. குனிந்த தலையை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குனிந்தேன். "எண்ணெய் அடிக்கத் தெரியாத ஆளுக்கு வண்டி எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் துரை மேலே ஏறிப் போய்விட்டார்.

டாக்டரய்யாவைக் கம்பளியில் கட்டித்தான் கீழே கொண்டுவந்தோம். முன் மூங்கிலில் ஒரு தோள் என்னுடையது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "அடேயப்பா, இது இந்த ஆட்டம் ஆடுதா? இத்தன நாளும் பக்கத்துல நடந்து வந்து, எல்லாரையும் ஆடாம படுங்கன்னு வேற சொல்லிட்டேனே" என்றார். தூக்கிய மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஒருநாள் மருந்துச்சாலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். போத்தலைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கு மறதிக்காரன்னு பேருதான் வரும். மருந்து கலக்கத் தெரிஞ்சவன எந்தத் தோட்டமும் வேணாங்காது. உனக்கு வீடு போயிரும்ப்பா." போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "தவிர, நான் ஒருவாட்டி கேட்டேன். இன்னொருவாட்டி கேட்டிருக்கணும். உன் கோவத்துக்குப் பயந்து விட்டுட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அது லேசாக இருந்திருக்கும்.

ஒரு காலை எழுந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று துரை பங்களாவுக்குப் போனேன். குசினி வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து சமையல்கார அப்பு எட்டிப் பார்த்து, "என்ன பிட்டரே, காலங்காத்தால?" என்று கேட்டார். கார் கதவு கிறீச்சிடுகிறதாமே, கிரீஸ் போட வந்தேன் என்றேன். நல்ல காரின் நல்ல கதவுக்குக் கிரீஸ் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம் நீ பிறந்தாய், பிறகு தங்கச்சி, பிறகு சின்னவள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காரணம் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் மேற்கணக்குக்கு அவர் தடியூன்றி நடந்து ஏறினார். மழையிலும் ஏறினார். கம்பளித் தொட்டில்கள் முன்போலவே இறங்கி வந்தன. அவற்றில் சிலவற்றைப் பார்த்ததும் நான் எஞ்சின் ரூமுக்குள் போய்விடுவேன். அவருக்கு வந்த பேரோ அவர் நினைத்ததைவிட நன்றாக ஒட்டிக்கொண்டது. புதிதாய் வந்த சனங்களுக்கு அவருடைய நிஜப் பேரே தெரியாது. எண்ணெய் மறந்த டாக்டரய்யா எங்கே என்றுதான் கேட்பார்கள். நீங்கள் மூவருமே அவருடைய கையில் கசப்பு மருந்து குடித்துத்தான் வளர்ந்தீர்கள்.

இப்போது மேற்கணக்கு வரை லாரி ஏறுகிறது. தேயிலை மூட்டையோடு ஏறுகிறது, மூச்சுக்கூட வாங்குவதில்லை. அதன் எஞ்சினைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் யாராயிருந்தாலும், "என்னப்பா, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடுகிறேன். பிட்டருக்கு வயசாகிவிட்டது, சந்தேகம் வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் இனி யாராவது உங்கள் முன்னால் அந்த டாக்டரய்யாவை எண்ணெய் மறந்தவர் என்று சொன்னால், நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். அவர் ஒரு முடக்குக்கூட மறக்கவில்லை, தப்பு எங்கள் அப்பாவினுடையது என்று சொல்லுங்கள். என் பேர் கெடுமே என்று பார்க்க வேண்டாம்.

அவர் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போன அன்று, பதுளை ஸ்டேஷன்வரை மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். ரயில் அப்போது வந்துவிட்டது. ஜன்னலில் உட்கார்ந்து, என் சட்டைப் பையில் கனத்துத் தொங்கியதைப் பார்த்து, "என்னப்பா அது?" என்றார். எடுத்துக் காட்டினேன். வண்டியைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டபோது நான் கேட்டு வாங்கி வைத்த பிஸ்டன். அவரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கி, கீறலைத் தடவிப் பார்த்து, "ராஜா மாதிரி ஏறுச்சுல்ல? அந்த ரெண்டாவது முடக்கு வரைக்கும்?" என்றார். ஆமாங்க என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். ரயில் நகர்ந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோர் ஓடவில்லை. திரும்பி வந்து எஞ்சின் ரூமைத் திறந்து தனியாக உள்ளே போனேன். தேயிலைப் பெட்டி அடிக்கும் இடத்தில் கிடந்த ஈயத்தாளில் ஒரு துண்டு வெட்டினேன். அதன் மேல் இன்னொரு துண்டை வைத்தேன். இரண்டையும் ஓரம் பிசகாமல் விரலால் அழுத்தித் தேய்த்து, வளைத்து, பிஸ்டனுக்குள் வைத்தேன்.